பச்சைப் பாவாடை, வயது ஆறு

விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி இப்படி இருந்தது: ‘இந்த முயற்சி தோற்றுப்போனால் என்ன மிஞ்சும்?’ அதற்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம். அதை நிரப்ப எனக்கும் அக்காவுக்கும் மூன்று பிற்பகல்கள் ஆயின. நான் வழக்கம்போலப் பட்டியல் போட்டேன். ஒன்று, கணினியில் ஏற்றப்பட்ட தகவல்கள். இரண்டு, பிறரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல். மூன்று, எந்த வழி உதவாது என்பதைச் சொல்லும் ஓர் அறிக்கை. அக்கா பேனா மூடியைக் கடித்தபடி அதை வாசித்தார். “எல்லாம் சரி புள்ள. ஆனா நான் மிஞ்ச மாட்டேனே, அத எந்த நம்பர்ல போடுவ?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். அந்த மேசையின் மீது விழுந்திருந்த சன்னல் கம்பிகளின் நிழல் வரை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அக்கா என்று எழுதினாலும் எங்களுக்குள் உறவு எதுவும் இல்லை. மதுரையில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பழைய நகரத்தில், பள்ளிவாசலுக்குப் பின்னால், கீழே சைக்கிள் கடையும் மேலே குடித்தனமுமாக இருந்தது அவர் வீடு. நான் அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அந்தக் கல்லூரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. துறை அறைக்கு நான் போன முதல் நாளே, “இந்தாம்மா, இந்தப் பெட்டிக்கு உயிர் இருக்கா பாரு, இல்ல அடக்கம் பண்ணிருவோமா?” என்று ஒரு பழைய கணினியைக் காட்டியவர் அவர். உயிர் இருந்தது. அதற்குள் அக்காவின் ஆய்வு முழுவதும் இருந்தது.

அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது தொலைந்துபோனவர்களை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று கூட்டத்தில் பிள்ளைகளும் முதியவர்களும் பிரிந்துபோவார்கள். தேடுகிறவர்கள் ஒலிபெருக்கிப் பந்தலுக்கு வந்து சொல்ல, அங்கே இருப்பவர் எழுதிக்கொண்டு அறிவிப்பார். அழகர்கோவில் சாலையில் மைக்செட் கடை வைத்திருந்த ஒருவர், தான் அறிவித்த ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதியிருந்தார். ஒரு திருவிழாவுக்கு ஒரு நோட்டு. பெயர், வயது, உடுப்பு, ஊர், தேடுபவர் யார். கிடைத்துவிட்டால் ஓரத்தில் ஒரு சிவப்பு டிக். தனியே நின்று, யாரோ பந்தலில் கொண்டுவந்து விட்டவர்களையும் அதே நோட்டில் எழுதியிருந்தார். அக்காவும் நானும் கேட்கப் போனபோது பரணிலிருந்து மூட்டையை இறக்கித் தட்டினார். “எடுத்துட்டுப் போங்கம்மா. இத்தன வருசமா கரையான்தான் படிச்சுக்கிட்டு இருக்கு. நீங்களும் படிங்க.”

எந்த ஊர்க்காரர்கள் வந்தார்கள், என்ன உடுத்தினார்கள், யார் யாரைத் தேடினார்கள், தேடியவர்களில் எத்தனை பேர் அன்றே கண்டடைந்தார்கள். ஒரு நகரத்தின் கூட்டத்தை இப்படி உள்ளிருந்து காட்டும் பதிவு வேறெங்கும் இல்லை என்பார் அக்கா. தேடியவர்களின் பதிவையும் கண்டெடுக்கப்பட்டவர்களின் பதிவையும் கணினியே பொருத்திக் காட்ட முடியுமா என்று பார்ப்பது என் பங்கு. அப்போதுதான் ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பு வந்தது. வரலாறு, மொழி, பண்பாடு ஆகியவற்றை ஆராய்பவர்கள் கணினியைக் கொண்டு புதிதாக ஒன்றைச் செய்துபார்க்க ஒரு தொடக்க உதவித்தொகை. முழுத் திட்டத்துக்கு அல்ல. இது நடக்குமா நடக்காதா என்று அறியும் முதல் அடிக்கு மட்டும்.

அக்காவின் ஆய்வு உதவித்தொகை அந்தக் கோடையோடு முடிந்திருந்தது. அவர் கணவர் மஸ்கட்டில் இருந்தார். இது கிடைத்தால் ஒரு வருடம் மதுரையில் இருந்து ஆய்வை முடிப்பது, கிடைக்காவிட்டால் புறப்பட்டுப் போவது என்று வீட்டில் எல்லோருமாகப் பேசி வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டில் கொடுமைக்காரர் யாரும் இல்லை. கணவரும் பொறுமையாகக் காத்திருந்த மனிதர்தான். ஆனால் அக்காவுக்கு இருக்க வேண்டும் என்றிருந்தது. எனக்கு அவர் இருக்க வேண்டும் என்றிருந்தது. இதை நான் அப்போது எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

விண்ணப்பத்தைப் பார்த்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். அதற்கு முந்தைய மாதம் முழுவதும் பிற்பகல்களில் உட்கார்ந்து நோட்டுகளைக் கணினியில் ஏற்றினோம். அக்கா வாசிப்பார், நான் தட்டுவேன். வாசிக்கும்போதே கதை சொல்வார். “மேலூர்த் தாத்தா, எம்பது வயசு, தேடுறது பொண்டாட்டி. எம்புட்டு பெரிய மனுசன் தொலைஞ்சிருக்காரு பாரு. வீட்டுக்குப் போயி அந்தம்மா என்ன பேச்சு பேசியிருக்கும்!” நான் வேகத்தைக் குறைக்காமல், “அடுத்து, அக்கா” என்பேன். “ஒனக்கு மனசுக்குப் பதிலா கீபோர்ட வச்சுட்டாக” என்பார்.

ஒரு சிக்கல் வந்தது. அறிவிப்பைத் திரும்பச் சொல்லக் கேட்டு ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று நான்கு முறை பந்தலுக்கு வருவார். மைக்செட்காரர் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதியிருந்தார். அதனால் பெயர், வயது, உடுப்பு, ஊர் நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரே பதிவாகக் கொள்ளும்படி ஒரு விதி எழுதினேன். பட்டியல் சட்டென்று சுத்தமாயிற்று. அநேகமாக எல்லோரும் கிடைத்துவிட்டார்கள் என்று திரை காட்டியது. அக்கா என் முதுகில் தட்டினார். அன்று இருவரும் மாசி வீதியில் நின்று பருத்திப்பால் குடித்தோம்.

நேர்காணலுக்கு முதல் நாள், அக்கா அச்செடுத்த பட்டியலை நோட்டுகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான்கு நோட்டுகளைத் திறந்து என் முன்னால் வரிசையாக வைத்தார். நான்கிலும் ஒரே சிறுமி. பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. வயது ஆறு, பச்சைப் பாவாடை, திருமங்கலம் பக்கத்து ஊர், தேடுபவர் அம்மா. நான்கிலும் டிக் இல்லை.

நோட்டின் அட்டையில் மட்டும்தான் ஆண்டு எழுதியிருந்தது. உள்ளே இருந்ததை எல்லாம் ஏற்றிய நான், அட்டையை ஏற்றவில்லை. என் விதி நான்கு வருடங்களை ஒரே நாளாக எண்ணிக்கொண்டது. ஒரு தாய் அடுத்தடுத்த நான்கு திருவிழாக்களுக்கு வந்து, அதே வயதையும் அதே பாவாடையையும் சொல்லித் தேடியிருக்கிறாள். முதல் நோட்டில் எங்கோ ஒரு பச்சைப் பாவாடைச் சிறுமி கண்டெடுக்கப்பட்டிருந்தாள். வேறு ஊர், வேறு பிள்ளை. கணினி இருவரையும் பொருத்தி, கிடைத்தவர் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தது.

“அக்கா, நாளைக்கு மட்டும் இப்படியே காட்டிருவோம். கிடைச்சப்புறம் சரி பண்ணிக்கலாம்” என்றேன். இன்றும் அந்த வாக்கியத்தைச் சொன்ன குரல் என்னுடையதுதானா என்று யோசிக்கிறேன். அவர் மறுக்கவில்லை. நோட்டுகளை மூடி அடுக்கினார். “பாப்பம் புள்ள” என்றார்.

மறுநாள், ஒரு விடுதியின் கூட்ட அறையில் ஐந்து பேர் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசியில் குழுவில் மூத்தவர் ஒருவர் மனம் நெகிழ்ந்து, “ஆக, தொலைஞ்சவங்க எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருக்காங்க, இல்லையாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அக்கா எழுந்தார்.

“இல்லங்க சார். அதுல ஒரு தப்பு இருக்கு. எங்க தப்புதான்.”

‘எங்க தப்பு’ என்றார். அவர் என் பக்கம் விரல் நீட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு நான்கு நோட்டுகளின் கதையைச் சொன்னார். விதியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். ஆண்டு தெரியாத கணினி, ஒவ்வொரு தாயையும் எல்லா வருடத்துப் பிள்ளைகளோடும் பொருத்தித் திரையை நிறைத்தது. குழுவில் ஒருவர், “என்னம்மா, தொலைச்சதவிட கிடைச்சது ஜாஸ்தியா இருக்கே!” என்றார். சிரிப்பு எழுந்தது. யோசனை நல்லது, இன்னும் கொஞ்சம் பழுக்க வேண்டும், அடுத்த ஆண்டு வாருங்கள் என்றார்கள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் அழாமலிருக்கச் சாலையோரத்துக் கடைப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். அக்கா என் காதருகே குனிந்து, “பழுத்திருந்தா இவககிட்ட எதுக்குப் புள்ள வாரோம்? நேரா சந்தைக்குல்ல போயிருப்போம்!” என்றார். பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த பெண், என்ன பழம் என்று திரும்பிப் பார்த்தாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. நான் சிரித்ததும் அழுததும் ஒன்றாக நடந்தது.

“என் மேல கோவமா அக்கா?”

“கோவமா? அந்தம்மா நாலு வருசம் வந்திருக்கு. அத ஒரு தடவன்னு சொல்லிட்டு நான் இங்கன இருந்து என்னத்த எழுத?”

ஆறு வாரத்தில் அவர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். விமான நிலையம் எங்கள் வீட்டுக்கு அருகில்தான். போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய குடும்பத்தார் அனைவரும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நான். அக்கா உள்ளேயிருந்து கையை உயர்த்தி எனக்கும் சேர்த்து ஆட்டினார்.

அடுத்த ஆண்டு நான் மறுபடி விண்ணப்பித்தேன். அட்டையையும் ஏற்றினேன். ‘எத்தனையாவது முறை’ என்று ஒரு புதிய கட்டம் சேர்த்தேன். அதுவே திட்டத்தின் மையமாயிற்று. யார் கிடைத்தார்கள் என்பதைவிட, யார் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பது. வேறொரு கல்லூரிப் பேராசிரியர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார். ஊரில் இல்லாதவரைப் பொறுப்பாளராகப் போட அறக்கட்டளையின் விதியில் இடமில்லை. உதவித்தொகை கிடைத்தது. கடிதத்தைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது. பின்னால் குக்கர் விசில், ஒரு குழந்தையின் சிணுங்கல். “சந்தோசம் புள்ள, ரொம்ப சந்தோசம்.” பிறகு, “அந்தம்மா அதுக்கப்புறம் வந்துச்சா? யாராச்சும் பாத்தாகளா?”

எனக்குத் தெரியவில்லை. கடைசி நோட்டோடு மைக்செட்காரர் தொழிலை மகனிடம் விட்டிருந்தார். மகன் எதையும் எழுதிவைக்கவில்லை. வேலை செய்யும் மேசையில் எதிர் நாற்காலி காலியாகவே இருக்கிறது. வரிகளை நானே வாசித்து நானே தட்டுகிறேன். சில வரிகளில் நிறுத்திவிடுகிறேன், யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பதுபோல. பிறகு, “அடுத்து” என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அக்கா இருந்திருந்தால் இந்தத் திட்டம் இன்னும் மெதுவாகத்தான் நகர்ந்திருக்கும்.

இந்தச் சித்திரையில் விடியும்போதே ஆற்றங்கரைக்குப் போனேன். இப்போது பதிவுகள் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது, அது வேலை. உதவி மையத்தின் மேசைக்குப் பின்னால் ஒரு பெண் காவலர் இருந்தார். முன்னால் நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் நான் பார்த்தேன். திருமங்கலம் பக்கத்து ஒரு தாய்க்கு இன்று என்ன வயதிருக்கும் என்று மனம் கணக்கிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த முகத்தையும் தாண்டி, இந்த ஊரிலேயே இல்லாத ஒருவரின் முகத்தைக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

“யாரக் காணோம்மா? பேரு சொல்லுங்க, என்ன கலர் சேல?” பெண் காவலர் பேனாவோடு என்னைப் பார்த்தார்.

“யாரும் இல்லங்க மேடம். நான் வேலையா வந்தேன்.”

“அப்ப கொஞ்சம் ஓரமா நில்லும்மா. தேடுறவுக வரட்டும்.”

நான் ஓரமாக நின்றேன்.