நில்லக்கா இனி சும்மா நிற்க மாட்டாள்

பிஸ்கட் ஆலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அவளுடைய குரல் பிரசித்தம். இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக இரையும்போதும் கடைசி மேசைக்காரிக்கு அவள் சொல்வது கேட்கும். ஆலை மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். அவளுடைய குரலுக்கு நகராட்சியில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடச் சந்தியில் நின்று, வண்டிகளை மறித்து, பிள்ளைகளைச் சாலையின் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. ஆரஞ்சு மேற்சட்டை, கையில் சிவப்புப் பலகை.

மேட்டிலிருந்து சிமென்ட் லாரிகள் இறங்கி வரும் சந்தி அது. மெத்தைக்கடை வளைவைத் தாண்டும்வரை லாரி கண்ணில் படாது; தாண்டிவிட்டால் சட்டென்று நிற்காது. வளைவுக்கு அப்பால் இரைச்சல் கேட்டதுமே "நில்லு!" என்பாள். பிள்ளைகள் மட்டுமில்லை, எதிர்க்கடையில் தேநீர் உறிஞ்சுகிறவரும் ஒரு கணம் அப்படியே நிற்பார். முதல் வகுப்புக் குட்டிகள் வைத்த பெயர்தான் நில்லக்கா. பெயர் வைத்தவர்கள் வளர்ந்து, கல்யாணமாகி, தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்தபோதும் அவள் அக்காதான். அவளுக்குப் பதவி உயர்வு தர யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நகராட்சிக்குக் கடன் கழுத்தை நெரித்தது. மன்றம் இரண்டாகப் பிரிந்தது. வெட்டினால்தான் பிழைப்போம் என்றவர்களுக்குத் தலைவர் ஒரு கணக்காய்வாளர்; அப்போதைய நகராட்சித் தலைவரும் அவரே. ஊர் அவருக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். செலவழித்தால்தான் ஊர் தழைக்கும் என்ற அணிக்கு முன்னாள் தலைமையாசிரியை ஒருவர் தலைமை. அந்த அம்மாவுக்கு அள்ளிவிடு என்று பெயர். கத்தரிக்கோல் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. வாங்கிய கடனில் ஒரு பகுதி, அள்ளிவிடு ஆசைப்பட்டுக் கட்டிய நீரூற்றில் போயிருந்தது. திறப்புவிழா அன்று ஒரு முறை பீய்ச்சி அடித்தது, அவ்வளவுதான். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிங்க?" என்று கத்தரிக்கோல் கேட்டபோது ஊர் தலையாட்டியது.

ஆனால் கத்தரி நீரூற்றை வெட்டவில்லை. கட்டிய கட்டடத்தை எப்படி வெட்டுவது? ஆட்களை வெட்டியது. முதல் வெட்டு நில்லக்காவுக்கு.

வேலை போன மறுநாள் காலையில் அவள் என்ன செய்தாள் என்பதில்தான் எல்லா வம்பும் தொடங்கியது. மேற்சட்டையைத் திரும்பக் கேட்க நகராட்சி மறந்திருந்தது. மாட்டிக்கொண்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு, வழக்கம்போலச் சந்திக்குப் போய் நின்றாள்.

"ஏம்மா, உனக்குத்தான் சீட்டைக் கிழிச்சுட்டாங்களே?" என்றான் புருஷன். அவன் நகரப் பேருந்து ஓட்டுநர்.

"எனக்குக் கிழிச்சா லாரிக்குத் தெரியுமா? புள்ளைங்க என்னங்க பாவம் பண்ணுச்சு?"

அவன் பேருந்தை எடுக்கக் கிளம்பிவிட்டான். அவனுடைய தங்கையிடம் பதில் இருந்தது. நாத்தனார் நகர நூலகத்தில் வேலை பார்ப்பவள். வாயில் கத்தி வைத்திருப்பவள்.

"அண்ணி, நீங்க பண்றது தப்பு."

"உன் அண்ணன் சமையலை விடவா தப்பு?"

"விளையாடாதீங்க. நீங்க சம்பளமில்லாம நின்னா, சம்பளமில்லாமலே வேலை நடக்குதேன்னு சொல்லுவாங்க. அப்புறம் எங்களையும் சும்மா வரச் சொல்லுவாங்க."

"போடி. யாரு அப்படி யோசிப்பா?"

யோசித்தார்கள். வரவு செலவுத் திட்டத்தை ஓட்டுக்கு விடுவதற்கு முதல் நாள் மாலை, நகர மண்டபத்தில் இரு தரப்பும் மக்கள் முன்னால் விவாதம் நடத்தினார்கள். மண்டபம் நிரம்பி வாசல்வரை கூட்டம். நாத்தனாருக்குத் துணையாக நில்லக்காவும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். நூலகத்தின் கதி என்ன என்று தெரிய வேண்டுமே.

அள்ளிவிடு உருக்கமாகப் பேசினார். நூலகம், மருந்தகம், சந்தி எல்லாவற்றையும் சொன்னார், நீரூற்றைச் சொல்லவில்லை. பிறகு கத்தரிக்கோல் எழுந்தார். கையில் காகிதம்கூட இல்லை.

"தன் கையே தனக்குதவின்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அதோ, கடைசி வரிசையில ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. எழுந்திரிங்கம்மா. இவங்களுக்கு இப்ப சம்பளம் இல்ல. ஆனா ஒரு நாளாவது சந்தியில ஆள் இல்லாம இருந்துச்சா? ஒரு புள்ளைக்குக் கீறல் விழுந்துச்சா? இதுதாங்க என் வாதம். மனசுள்ளவங்க இருக்கற ஊருக்குச் செலவு எதுக்கு? நூலகத்தையும் இப்படியே நடத்துவோம். அப்புறம் மருந்தகத்தையும்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. யாரோ அவளை மேடைப்பக்கம் தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் கைதட்டவில்லை, திட்டவும் இல்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் கத்தி வைத்திருப்பவள் பேசாமலிருந்ததுதான் நில்லக்காவைச் சுட்டது. தன் நல்ல மனசைத் தீட்டி, அதையே அடுத்தவள் கழுத்தில் வைக்கிறார்களே!

ஒலிவாங்கி கைக்கு வந்தது. அவளுக்கு அது தேவையே இல்லை.

"நாளையிலேருந்து நான் நிக்க மாட்டேன்."

கைதட்டல் பாதியில் அறுந்தது. பிறகு இரைச்சல்.

"என்னம்மா இது, புள்ளைங்க உசுரோட விளையாடறியா?" என்று ஒருவர் கத்தினார்.

"விளையாடறது நான் இல்லண்ணே. ஆளை எடுத்தவங்களைக் கேளுங்க."

அள்ளிவிடு ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டார். புகைப்படக்காரர்கள் முன்னால் வந்தார்கள். நில்லக்கா நாசூக்காக விலகினாள். "டீச்சரம்மா, அந்த நீரூத்து மட்டும் இல்லேன்னா நான் இந்த மேடையில நிக்க வேண்டியதே இல்ல." சிரிப்பு கிளம்பியது. அள்ளிவிடும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது வீராப்பு இறங்கிவிட்டது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஊர் அவளைத்தான் சொல்லும். அதைவிட, அவளே அவளைச் சொல்வாள். நின்றால் நூலகம் போகும். நிற்காவிட்டால் பிள்ளை போகலாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"ஏங்க, ரோட்டுக்குக் குறுக்கே போட்ட வெள்ளைக்கோட்டு மேல ஆள் நடந்தா வண்டி நிக்கணும் இல்ல?" என்று வீட்டில் புருஷனிடம் கேட்டாள்.

"நிக்கணும். சட்டம்."

"எவ்வளவு நேரம்?"

"கடைசி ஆள் தாண்டற வரைக்கும்." சொல்லிவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தான். "எதுக்குக் கேக்கற?"

"கடைசி ஆளே இல்லேன்னா?"

காலையில் மேற்சட்டையையும் பலகையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு சந்திக்குப் போனாள். பெற்றோர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவளிடமே சாலை தாண்டக் கற்ற ஒரு பெண், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், முதலில் வெடித்தாள். "உங்க கோபத்தை எங்க புள்ளைங்க மேலயா காட்டுவீங்க, அக்கா?"

"உன் புள்ளையைத் தனியா விட நானா சொன்னேன்? நீயும் கூட வா. நானும் வரேன். அந்தப் பக்கம் போவோம், திரும்பி வருவோம், மறுபடியும் போவோம். வெள்ளைக்கோட்டை விட்டு ஒருத்தரும் விலகக் கூடாது. நம்ம ஊர் ரோட்டுல நாம நடக்கறோம், அவ்வளவுதான்."

வளைவில் இருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு நடந்தார்கள். ஒருவர் கை மற்றவர் தோளில், பிள்ளைகள் நடுவில். இந்தப் பக்கம் ஒரு வரிசை போக, அந்தப் பக்கமிருந்து ஒரு வரிசை வந்தது. மருத்துவமனைக்குப் போகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எதற்கென்று தெரியாமலே ஒரு மாணவர் கூட்டமும் சேர்ந்தது. பள்ளிக்குத் தாமதமாகப் போக இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

முதலில் வந்து நின்ற வண்டி நகரப் பேருந்து. ஓட்டுநர் இன்ஜினையே அணைத்துவிட்டான்.

"யோவ், எடுய்யா வண்டியை!" என்றது பேருந்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"எப்படிங்க எடுக்கறது? சட்டம்னு ஒண்ணு இருக்கே." பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "அதோட, முன்னால நடக்கறது எங்க வீட்டம்மா. எடுத்தா சாயங்காலம் எனக்குச் சோறு கிடையாது."

உள்ளே இருந்தவர்கள் சிரித்துவிட்டு இறங்கினார்கள். பாதிப் பேர் வரிசையில் சேர்ந்தார்கள். பேருந்துக்குப் பின்னால் லாரிகள். லாரிகளுக்குப் பின்னால் மன்றக் கூட்டத்துக்குக் கிளம்பிய கத்தரிக்கோலின் கார். சிறிது நேரம் ஒலிப்பானை அழுத்திப் பார்த்துவிட்டு, அவர் இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்.

"அம்மா, இதை நிறுத்துங்க."

"நிறுத்தறது என் வேலை இல்ல சார். அந்த வேலையத்தான் நீங்க எடுத்துட்டீங்களே." நடந்துகொண்டே சொன்னாள். அவரும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று.

"சரி, சரி. உங்க சம்பளத்தை என் கைக்காசுல தரேன். மாசாமாசம். போதுமா?"

அவர் நிஜமாகவே சொன்னார், ஏமாற்றுக்காரர் இல்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் அதிகமாயிற்று.

"உங்க கைக்காசு எனக்கு வேண்டாம். நாளைக்கு நீங்க தோத்துட்டா? இல்ல, என் வாய் உங்களுக்குப் பிடிக்காமப் போயிட்டா? ஊர்ப் புள்ளைங்களுக்கு ஊர்ப் பணம். தர்மம் கேட்டு நான் இங்க நடக்கல."

"கடன் இருக்கேம்மா! அது பொய்யா?"

"பொய்யில்ல. யார் வயித்தைக் கட்டி அதை அடைக்கறீங்கங்கறதுதான் கேள்வி. திரும்புங்க சார், அந்தப் பக்கம் வந்தாச்சு."

அவர் திரும்பினார். வேறு வழி? முன்னும் பின்னும் ஆள்.

அன்று மன்றத்தில் ஓட்டெடுப்புக்கு ஆள் சேரவில்லை. பாதி உறுப்பினர்கள் சந்திக்கு இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம். மாலையில் பள்ளி விடும் நேரம், வரிசை மறுபடியும் நடந்துகொண்டிருந்தபோது, நகராட்சி எழுத்தர் சைக்கிளில் வந்து மூச்சு வாங்க நின்றார்.

"அக்கா, உங்க வேலையைத் திரும்பக் கொடுத்துட்டாங்க. சம்பளத்தோட. தலைவரே சொல்லிட்டாரு. இவங்களைக் கலைஞ்சு போகச் சொல்லுங்க."

வரிசையில் கூச்சல் எழுந்தது. இரண்டு பிள்ளைகளின் தாய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நூலகம்?" என்றாள் நில்லக்கா.

எழுத்தர் சைக்கிள் மணியைத் தடவினார். "அது... அடுத்த கூட்டத்துலதான் பேசுவாங்க."

"அப்படியா?"

வேலை முடிந்து வந்து வரிசைக் கடைசியில் நின்றிருந்த நாத்தனாரைப் பார்த்தாள். அவள் முன்னால் வந்து அண்ணியின் தோளில் கை வைத்தாள். வரிசை மறுபடியும் கோட்டில் இறங்கியது.

"போய்ச் சொல்லுங்க தம்பி, அடுத்த கூட்டம்வரைக்கும் நாங்க நடந்துக்கிட்டே இருப்போம்னு."