கேற்றில் பறித்த யானை வெடி

போன வாரம் ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்தேன். இந்தப் பக்கத்துக்கென்று வேறொரு விஷயம் எழுதி வைத்திருந்தேன். அதை ஓரமாகப் போட்டுவிட்டேன். கொஞ்சம் சிரிக்கலாம் என்று இங்கே வருகிறவர்கள் இந்த முறை என்னை மன்னிக்க வேண்டும்.

ரமணன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையின் மனேஜர். முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கையில்தான் வாடகைக்கு இருக்கிறார். அன்று காலையில் என் வீட்டு வாசற் படலையடியில் வந்து நின்றவரின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அண்ணை, என்னோட ஒருக்கா வாறீங்களே? தனியப் போக ஏலாமல் கிடக்கு."

"ஆர் தம்பி செத்தது?"

"எங்கட இடத்தில தைக்கிற பிள்ளை அண்ணை. தர்சினி. முந்தநாள் பின்னேரம்... யானை அடிச்சுப் போட்டுது."

முழுக் கதையையும் காரில் போகும்போதுதான் சொன்னார்.

தர்சினியின் ஊர் பெரிய றோட்டிலிருந்து உள்ளே, காட்டோரமாக இருக்கிறது. கிரவல் பாதை. முன்பெல்லாம் தொழிற்சாலை பஸ் ஊருக்குள்ளேயே போய்த் தைக்கிற பிள்ளைகளை ஏற்றி இறக்கும். இந்த வருடம் கொழும்புத் தலைமை அலுவலகம் செலவைக் குறைக்கச் சொன்னது. பஸ் பெரிய றோட்டுச் சந்தியோடு திரும்பட்டும் என்று ரமணன் முடிவெடுத்தார். நடக்கக்கூடிய தூரம்தானே? ஓம், பகலில் நடக்கக்கூடிய தூரம்தான்.

பிள்ளைகள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு தங்களுக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் அநேகமான வீடுகளில் யானை வெடி இருக்கும் — வயல் காவலுக்கு வைத்திருக்கிற பெரிய வெடி. கொளுத்திப் போட்டால் யானை விலகிப் போய்விடும், பெரும்பாலும். ஆளுக்கொன்றைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வரத் தொடங்கினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூரை முட்டத் துணி அடுக்கியிருக்கும் தொழிற்சாலை. பைக்குள் வெடி! கேற்றில் சோதித்த செக்கியூரிட்டி பதறிப்போனார். ரமணனும் பதறினார். வெளிநாட்டிலிருந்து உடுப்பு வாங்குகிற கொம்பனிகளின் ஆட்கள் பரிசோதனைக்கு வருகிற நேரம் வேறு. உடனே அறிவித்தல் போட்டார்: வெடி, தீப்பெட்டி எதுவும் உள்ளே வரக்கூடாது. வந்தால் பறிமுதல்.

சரியான முடிவா? சரிதான். அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். உள்ளே இத்தனை பிள்ளைகள் இருந்து தைக்கிறார்களே.

பஸ்ஸைச் சந்தியோடு நிறுத்தியது ஒரு முடிவு. வெடியைப் பறித்தது இன்னொரு முடிவு. இரண்டுக்கும் காரணம் இருந்தது. இரண்டாவதை எடுத்தபோது முதலாவது அவருடைய ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் தர்சினி இரண்டையும் சேர்த்துத்தானே தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டும்?

தர்சினி செத்த அன்றைக்கு ஓடர் அவசரம். வழக்கத்தைவிடப் பிந்தித்தான் பிள்ளைகளை விட்டார்கள். சந்தியில் இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் கூட்டமாக வேகமாகப் போய்விட்டார்கள். தர்சினி கடையில் இராச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க நின்றதில் பின்தங்கிவிட்டாள்.

"பறிச்ச வெடியைத் திருப்பிக் குடுக்கேல்லையே தம்பி?"

ரமணன் றோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அந்த யோசனை வரேல்லை அண்ணை. கேற்றுக்கு வெளியில தள்ளி ஒரு பெட்டி வைச்சு, காலமை வாங்கி வைச்சிட்டுப் பின்னேரம் குடுத்திருக்கலாம். சின்ன வேலை. இப்பதான் யோசனை வருது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தப் பெட்டியை எங்கே வைத்திருக்கலாம் என்று அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனதும் அடங்கிவிட்டது. ரமணன் கெட்ட மனிதர் இல்லை. என் கவலையே அதுதான். கெட்டவராக இருந்தால் நன்றாக நாலு பேச்சுப் பேசி இந்தப் பத்தியை முடித்திருப்பேன்.

இதே வருடம்தான் அவருடைய தொழிற்சாலை சமூகப் பொறுப்புக்காகப் பாராட்டு வாங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தார்கள். குளக்கட்டில் மரம் நட்டார்கள். கண் பரிசோதனை நடத்தினார்கள். எல்லாம் நல்ல காரியங்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாருங்கள்... நம்முடைய நிறுவனங்களுக்குச் சமூகம் என்றால் கேற்றுக்கு வெளியே இருக்கிற யாரோ. உள்ளே வந்துவிட்டால் ஊழியர். தர்சினி பஸ்ஸிலிருந்து இறங்கும்வரை ஊழியர். இறங்கிய பிறகு யார்? பாணும் கையுமாக அந்த இருட்டில் நடந்தவளுக்கு யார் பொறுப்பு? எத்தனையோ முகாமைத்துவக் கருத்தரங்குகளில் போய் இருந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டு நான் கேட்டதில்லை.

சந்தியில் தொழிற்சாலையின் கண்ணீர் அஞ்சலிப் பனர் கட்டியிருந்தது. கொம்பனியின் பெயர் பெரிதாக. தர்சினியின் அடையாள அட்டைப் படம் சின்னதாக. ரமணன் அந்தப் பக்கம் பார்க்காமல் காரைத் திருப்பினார்.

வீட்டு முற்றம் நிறையச் சனம். ரமணனைக் கண்டதும் தர்சினியின் தாய் எழும்பி வந்தார். நான் பயந்தேன். ஏசுவார், மண்ணை அள்ளி எறிவார் என்றுகூட நினைத்தேன். அவரோ ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ சேர். பிள்ளை உங்களைப் பற்றிக் கதைக்கிறவள். ஒருநாளும் சத்தம் போடாத சேர் எண்டு சொல்லுவாள்."

ரமணன் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. அந்தத் தாய் ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பின்னேரம் பிரேதப் பெட்டியை எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் பிரேதம் போகும்போது முன்னால் வெடி கொளுத்திக்கொண்டு போவது வழக்கம். கடையில் வாங்குகிற சீன வெடிதான். தர்சினியின் தமையன் வீட்டுக்குள்ளே போய் ஒரு பையோடு வந்தான். அதற்குள் இருந்தது யானை வெடி. ஒன்றைக் கொளுத்திப் போட்டான். நிலம் அதிர்ந்தது. சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

உறவுக்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்தார். "டேய், இதை ஏன்ரா கொளுத்துறாய்? வயலுக்கு வேணுமெல்லே?"

"இது தங்கச்சியின்ர பங்கு சித்தப்பா," என்றான் அவன். "அவளைக் கொண்டுபோக விடேல்லை. இண்டைக்காவது அவளுக்கு முன்னால போகட்டும்."

அதற்குப் பிறகு ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. சுடலைவரை கொளுத்திக்கொண்டே போனான். ஒவ்வொரு சத்தத்துக்கும், எனக்குப் பக்கத்தில் நடந்த ரமணனின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

திரும்பிவந்து காரில் ஏறப்போகும்போது, தர்சினியோடு வேலை செய்கிற பிள்ளைகள் வேலியோரம் வந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும் மெல்லக் கேட்டாள்.

"சேர், திங்கட்கிழமை நாங்கள் எப்பிடி வாறது? வீட்டில விடமாட்டினம்."

"பஸ் உள்ளுக்கு வரும் பிள்ளை. காலமையும் வரும், பின்னேரமும் வரும்."

கொழும்பைக் கேட்காமல் சொன்ன வார்த்தை அது. காருக்குள் ஏறியதும், அவங்கள் மறுத்தால் என்ன செய்வீங்கள் என்று கேட்டேன். "வேலையை விட்டிட்டுப் போறன் அண்ணை," என்றார்.

அதற்குத் தேவை வரவில்லை. திங்கட்கிழமை பஸ் ஊருக்குள் போனது. மறுநாள் கொழும்பிலிருந்து போன் வந்ததாம். நல்ல முடிவு, அப்படியே செய்யுங்கள் என்றார்களாம். கூடவே ஒரு சின்ன வேண்டுகோள் — ஊருக்குள் பஸ் நிற்க, பிள்ளைகள் இறங்குகிற மாதிரி ஒரு நல்ல படம் எடுத்து அனுப்ப வேண்டும். வருடாந்த அறிக்கையில், சமூகப் பொறுப்புப் பக்கத்தில் போடுவதற்கு!

நேற்று ரமணன் என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். ரீக் கோப்பையைக் கையில் வைத்திருந்தாரே தவிரக் குடிக்கவில்லை.

"படம் எடுத்தீங்களே?" என்று கேட்டேன்.

"போய் எடுத்தனான் அண்ணை. அங்க பஸ் நிண்டு திரும்புறதுக்கு ஒரேயொரு இடம்தான் கிடக்கு. தர்சினி வீட்டுப் படலைக்கு முன்னால. பஸ் சத்தம் கேட்டவுடன தாய் வெளியில வந்து நிக்கிறா. கடைசிப் பிள்ளை இறங்குமட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறா. எந்தப் பக்கத்தால எடுத்தாலும் அவா படத்துக்குள்ள வாறா."

"பிறகு?"

"அழிச்சுப்போட்டன்."

அனுப்பியிருக்கலாம். சமூகப் பொறுப்புப் பக்கத்தில் உண்மையான படம் ஒன்றாவது இருந்திருக்கும்.