கன்னியம்மாள் முன்வாசல் வழியாக வந்தாள்

கன்னியம்மாளுக்குக் கோபம் சட்டென்று வராது. வந்தால் லேசில் போகாது. வீராம்பட்டினத்திலிருந்து கூடையைத் தலையில் சுமந்துவந்து, பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருந்த அரிகிருஷ்ணன் சாப்பாட்டுக் கிளப்புக்குத் தினமும் மீன் போடுகிறவள் அவள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அரிகிருஷ்ணனின் தாத்தா தொடங்கிய கிளப்பு. நாலு பெஞ்சு, கரி பிடித்த சுவர், ஊரே மோப்பம் பிடித்து வரும் மீன்குழம்பு. மீன் போட்டுவிட்டு அவள் காசு கொடுத்துப் பசியாறுவது மட்டும் கொல்லைப்புறத்தில், தண்ணீர்க் குழாயடியில். மீன்காரி உள்ளே உட்காரக் கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லை. உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ஒரு நாள் மத்தியானம், பாத்திரம் கழுவிய தண்ணீரை ஜன்னல் வழியாக யாரோ வீசி ஊற்ற, அது நேராக அவள் இலையில் விழுந்தது. "ஓரமா குந்தக் கூடாதா?" என்று உள்ளேயிருந்து ஓர் அதட்டல் வேறு.

வந்ததே கோபம்! கைகாலைக் கழுவினாள், முந்தானையை உதறிச் செருகினாள், தெருவைச் சுற்றிப் போய் முன்வாசலில் நுழைந்து முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

கல்லாவிலிருந்து அரிகிருஷ்ணன் ஓடிவந்தார். "இன்னா கன்னிம்மா இது? பின்னால போ, வேற இலை போடச் சொல்றேன்."

"இங்கியே போடச் சொல்லு மொதலாளி. குந்திட்டேன்."

எதிர்ப் பெஞ்சில் ஜான்-பத்திஸ்த். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், எல்லாரும் 'முசியே' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர், கிளப்பின் மதிப்பான வாடிக்கை. மூக்கைப் பொத்திக்கொண்டார். "கவிச்சி அடிக்குது அரிகிருஷ்ணா. எப்பிடிச் சாப்புடறது?"

கன்னியம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏன் முசியே, ஒங்க இலையில கெடக்கிறது மட்டும் மல்லிப்பூவா மணக்குதா? அதுவும் என் தலைமேல குந்தி வந்ததுதான்!"

கடையே சிரித்தது. முசியே பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார்.

அரிகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளையிலேர்ந்து ஒன் மீனே வேணாம், போ! மார்க்கெட்டுல மீனுக்கா பஞ்சம்?"

கன்னியம்மாள் வீட்டை நினைத்துக்கொண்டாள். புருஷன் கைகால் விழுந்து கிடக்கிறான். வீட்டில் உலை கொதிப்பது இந்தக் கிளப்பை நம்பித்தான். இப்போது எழுந்து பின்னால் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அதுவும் அவளுக்குத் தெரியும். எழுந்திருக்கவில்லை.

"வேணாம்னா வுடு. தெருத்தெருவா கூவி வித்துக்கிறேன். ஆனா சோத்துக்கு வருவேன் மொதலாளி. இதே வாசல்ல, இதே பெஞ்சுக்கு. காசு குடுத்துத் துன்றவளுக்கு இலை இல்லன்னு இத்தினி பேர் முன்னால சொல்லு, பாப்போம்!"

அவர் எங்கே சொன்னார்! கல்லாவுக்குத் திரும்பிப் போய்ச் சில்லறையை எண்ணத் தொடங்கினார்.

மறுநாள் கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போய் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். அரிகிருஷ்ணன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் இலை போட்டார். போட்டாரா இல்லையா? கன்னியம்மாள் கூச்சமே படாமல் மறுசோறு கேட்டு, வயிறாரத் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.