செம்மண்டலத்துச் சேவல்

செம்மண்டலத்தில் பிரிசில்லா டீச்சரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிள்ளைகளுக்கு வேதபாடம். கணக்கில் கோட்டை விட்ட பிள்ளைகளுக்குக்கூட, இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தரம் சாதித்ததும், உடனே சேவல் கூவியதும், அவன் அழுததும் மனப்பாடம். ஊர் வாயில் விழாமல் வாழவேண்டும் என்பது டீச்சரின் கொள்கை. அதற்காகப் பொய் சொல்லவும் அஞ்சமாட்டார்.

போன மழைக்காலத்தில், ஓடையை அகலப்படுத்தக் கரையோர வீடுகளை இடித்தார்கள். பழைய இரும்பு வாங்கும் பக்கிரி, அவன் மனைவி மலர்க்கொடி, கைக்குழந்தை, ஒரு சேவல் ஆக நால்வரும் தெருவில் நனைந்துகொண்டு நின்றார்கள். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. கார் வாங்காமலேயே கட்டிவைத்த கார் ஷெட்டைத் திறந்துவிட்டார். அன்றைய ஜெபத்தில் ஆண்டவருக்கு இதை இரண்டு முறை ஞாபகப்படுத்தவும் செய்தார்.

குழந்தைகூடச் சத்தம் போடவில்லை, சேவல்தான் வம்பு. வீடு இடிந்ததிலிருந்து அதற்கு நேரம் காலம் தெரியவில்லை. பகல் பதினொன்றுக்குக் கூவும், டீச்சர் சீரியல் பார்க்கும்போது கூவும். தெருவில் கேள்வி கிளம்பியது.

பால்காரர் கேட்டதற்கு, யாரோ மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள், தனக்குத் தெரியாது என்றார் டீச்சர். எதிர்வீட்டுச் சாரதாம்பாளிடம், சர்ச்சில் அனுப்பியிருப்பார்கள், தனக்குத் தெரியாது என்று சமாளித்தார். மூன்றாவதாக, குடியிருப்போர் சங்கச் செயலாளர் சபாநாயகமே வாசல் கேட்டுக்கு வந்துவிட்டார். கண்டவர்களையும் சேர்த்தால் நாளைக்குத் தெருவில் திருட்டுப் போகும், சாயங்காலத்துக்குள் அவர்கள் கிளம்பியாகவேண்டும் என்றார். ஷெட்டுக்குள் மலர்க்கொடி குழந்தையை அணைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவுங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க சார்," என்றார் டீச்சர்.

ஷெட் கூரைமேலிருந்து சேவல் கூவியது.

டீச்சர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு டீச்சருக்குத் தப்புமா? சரியாக மூன்று. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். சபாநாயகம் அரண்டுபோய், தான் அப்படி என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல், தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"நான் சொன்னது பொய் சார். அது நம்ம பக்கிரி குடும்பம். என் வீட்டு ஆளுங்க. வேற வீடு கெடைக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பாங்க. போவச் சொன்னா நானும் கூடவே போறேன்."

"அந்தச் சேவல்?"

"அதுவும்தான் இருக்கும்."

அழுகிறவர்களிடம் சங்கத்தின் விதிகளை என்னவென்று படித்துக் காட்டுவது? சபாநாயகம் கையிலிருந்த குடையை விரிக்க மறந்து, தூறலில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பக்கிரி சேவலின் காலைக் கட்டிக் கொண்டுவந்து நீட்டினான். இடம் கொடுத்த புண்ணியத்துக்குத் தங்களால் முடிந்தது, குழம்பு வையுங்கள் என்றான். டீச்சர் கட்டை அவிழ்த்துவிட்டார்.

"அது இருக்கட்டும் பக்கிரி. என் வாய நம்ப முடியாது."