நான் ஃப்ரீயாம்

எங்கள் பக்கத்தில் இப்போது ஃப்ரீ என்ற சொல் இல்லாமல் யாராலும் வாயைத் திறக்க முடிவதில்லை. பெண்களுக்கு பஸ் ஃப்ரீ. சோப்புப் பவுடர் வாங்கினால் பக்கெட் ஃப்ரீ. அந்த பக்கெட்டில் கைப்பிடி நிற்பதில்லை. டாக்டர் வயிற்றை அமுக்கி, "ஃப்ரீயா போவுதா?" என்கிறார். தெருப் பெண்கள் ஜாக்கெட் துணியைக் கொடுத்து, "கையி கொஞ்சம் ஃப்ரீயா வெச்சித் தை" என்கிறார்கள். உறவில் ஒருவன் ஊர்ப் பெண்களிடமெல்லாம் இளித்துக்கொண்டு நின்றால், "அவன் ஃப்ரீயா பழகுவான்." அவன் தங்கை எதிர்வீட்டுக்காரரிடம் மணி கேட்டால், "அவ ரொம்ப ஃப்ரீ." இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான்.

எனக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவள், நாற்பத்தெட்டு வயது, ஆந்திராவில் சித்தூர் பக்கம் புத்தலப்பட்டில் வீட்டோடு தையல். ஆகவே நான் எப்போதும் ஃப்ரீ. சொந்தத்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடப்பது நான். குடும்பஸ்தர்கள் பழம் வாங்கி வந்து, அரை மணி நேரம் செல்போனைப் பார்த்துவிட்டு, அந்தப் பழத்திலேயே இரண்டைத் தின்றுவிட்டுப் போவார்கள். சித்தூர் தையல் கடையில் இரண்டு வருடம் முன்பு கிடைத்த வேலை, தங்கையின் பிரசவத்தில் போயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அதே கடைக்காரம்மா மறுபடியும் கூப்பிட்டார். "கட்டிங்குக்கு நீதான். திங்கக்கெழம பத்து மணிக்கு வந்துடு. வரலன்னா வேற ஆளப் போட்டுக்குவேன், அப்பால அழுவாத."

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது தம்பியின் போன். அவன் மாமியாருக்குத் திருப்பதியில் முட்டி ஆபரேஷன்.

"அக்கா, நீ ஃப்ரீயாத்தானே கீற? ஒரு பத்து நாளு வந்து கூட இரு."

"இல்லடா, எனக்கு இன்னிக்கி வேல..."

"இன்னா பெரிய வேல? உன் மிஷினு எங்கியும் ஓடிப்பூடாது. எனக்கு பங்காருபாளையத்துல மாங்கா லோடு கீது. இவளுக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆவாது. பஸ்ஸு வேற உனக்கு ஃப்ரீ!"

பெற்ற தாய் படுத்திருக்கும் இடத்தின் வாசனை மகளுக்கு ஆகாது. எனக்கு மட்டும் மல்லிகை மணக்கும் போலிருக்கிறது. நான் வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

பழக்கத்தில் ரோட்டின் திருப்பதிப் பக்கம்தான் போய் நின்றேன். பஸ்ஸும் வந்தது. "ராம்மா, எக்கு, எக்கு" என்று தெலுங்கில் ஏறச் சொல்லி கண்டக்டர் அவசரப்படுத்தினார். படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டேன். அவர் ஏதோ திட்டிவிட்டு விசில் அடித்தார். பஸ் போனதும் ரோட்டைத் தாண்டினேன்.

சித்தூர் பஸ்ஸில் ஆதார் கார்டைக் காட்டி டிக்கெட் வாங்கி உட்கார்ந்ததும் மறுபடி போன்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன். சித்தூருக்குப் போய்க்கினு கீறேன்."

"சித்தூருக்கா? அப்ப அத்தைய யாரு பாத்துக்கறது?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டான்.

அவர் மகளைக் கேள் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி, போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

கடை வாசலுக்குப் போனபோது பத்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஷட்டர்கூட இன்னும் தூக்கவில்லை; கடைக்காரம்மா வரட்டும் என்று படியில் உட்கார்ந்துகொண்டேன்.