இருபத்தைந்து டாலர் நியாயம்

வெர்லா ஸாஸ்ட்ரோ காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். மத்தியானத்துக்கு மேல் வீட்டு கராஜில் துப்பாக்கி வியாபாரம். வியாபாரம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. விஸ்கான்சினில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இணையத்தில் துப்பாக்கி வாங்கினால் அது நேரே அவர்கள் வீட்டுக்கு வராது. லைசென்ஸ் உள்ளவர் கையில்தான் வந்து இறங்கும். வெர்லா பெட்டியைப் பிரித்து நம்பரைச் சரிபார்ப்பாள். வாங்குகிறவர் மேல் ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா என்று அரசாங்கத்தைக் கேட்பாள். சரி என்று பதில் வந்தால் கையில் கொடுப்பாள். இதற்குக் கூலி முப்பது டாலர்.

இந்த முப்பதுக்குத்தான் ஊரே மூக்கால் அழும். எழுநூறு டாலர் துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவனுக்கு முப்பது என்றதும் வயிறு எரியும். நாலு பட்டன் தட்டுவதற்கு இவ்வளவா என்பான். நெடுஞ்சாலையில் இருக்கும் பெரிய கடையில் ஐம்பது வாங்குகிறார்கள். அங்கே போனால் இவர்களுக்கு வாய் திறக்காது; நியாயம் பேசுவதெல்லாம் வெர்லாவின் கராஜில்தான். ஏதாவது தப்பு நடந்தால் கோர்ட்டில் போய் நிற்கப்போவது நானா நீங்களா என்று அவள் கத்துவாள். யார் காதிலும் ஏறாது.

இந்த நியாயம் பேசுவதில் பெரிய ஆள் மெர்லின் டெஷ். ஏரிக்கரைச் சாலையில் பால் மாடு வைத்திருந்தவர், எழுபதைத் தாண்டியவர். மகள் வெளியூரில், வீட்டில் தனிக்கட்டை. எப்போதாவது ஒரு வேட்டைத் துப்பாக்கி வரவழைப்பார். வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருபதுதான் நியாயம் என்று ஆரம்பிப்பார். பேச்சு தீவன விலைக்குப் போகும், மாட்டு டாக்டரின் கொள்ளைக்குப் போகும், தட்டில் இருக்கும் பிஸ்கெட் தீரும், கடைசியில் இருபத்தைந்தில் வந்து நிற்கும். ஒரு தடவை, சனியன் ஒழியட்டும் என்று வெர்லா விலையையே இருபத்தைந்தாகக் குறைத்துப் பார்த்தாள். மனிதர் அதை இருபதுக்கு இறக்கிவிட்டுப் போனார். மறுநாளே முப்பது என்று எழுதி மாட்டிவிட்டாள்.

போன குளிர்காலத்தில் மெர்லின் மாடுகளை விற்றார். கண் சரியில்லை, இனி வேட்டை எதற்கு என்று துப்பாக்கிகளையும் விற்றார். பனி உருகும் சமயத்தில் அவர் பெயருக்கு வெர்லாவிடம் ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே கைத்துப்பாக்கி. மான் வேட்டைக்கு உதவாத சாமான். வீட்டில் எலித் தொல்லையோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு அவரைப் போனில் கூப்பிட்டாள். பெட்டி வந்திருக்கிறது, முப்பது டாலர் என்றாள்.

"சரி," என்று சொல்லிவிட்டு மெர்லின் போனை வைத்துவிட்டார்.

அந்தச் சரிதான் வெர்லாவை உட்காரவிடவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். மறுநாள் பேருந்தை ஒரு பிள்ளை ஏறும் இடத்தைத் தாண்டி ஓட்டிப்போய், ஊர் சிரிக்கப் பின்னால் எடுத்தாள். புருஷன் டுவேனிடம் சொன்னால் அவன் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பாமல், கேட்ட காசைக் கொடுப்பவனைச் சந்தேகப்படும் முதல் கடைக்காரி நீதான் என்றான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு கராஜுக்குப் போனாள். அங்கே போயும் நிலைகொள்ளவில்லை. பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள், திறந்து பார்த்தாள், மறுபடி பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெர்லின் வந்தார். முகம் மழித்து, தேவாலயத்துக்குப் போடும் சட்டை போட்டிருந்தார். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். வெர்லா அரசாங்கத்தைப் போனில் கேட்டாள். கொடுக்கலாம் என்று பதில் வந்துவிட்டது. மனிதர் உட்காரவே இல்லை. பிஸ்கெட் தட்டு பக்கம் கண்ணும் போகவில்லை. இரண்டு இருபது டாலர் நோட்டை மேஜையில் வைத்தார்.

"மீதிய நீயே வச்சுக்க."

கொடுக்க முடியாது என்று சொல்ல வெர்லாவுக்கு உரிமை உண்டு. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? மனிதர் நேரே நெடுஞ்சாலைக் கடைக்குப் போவார். அங்கே இருப்பவன் இவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் எடுத்து நீட்டிவிடுவான். இந்த ஆளை இங்கிருந்து நகரவிடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

"பத்தாது. முந்நூறு."

மெர்லின் பர்ஸை எடுத்தார். அவர் நோட்டை மேஜையில் எண்ணி வைத்து முடிப்பதற்குள், முந்நூறு இல்லை ஐந்நூறு என்றாள் வெர்லா. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, உனக்கென்ன மூளை பிசகிப்போச்சா? பெரிய கடையிலயே அம்பதுதான் வாங்குறான்."

"இங்க ஐந்நூறு."

"அநியாயம். பெட்டியப் பிரிக்கிறதுக்கு ஐந்நூறா? எந்த ஊர் நியாயம் இது?"

"இப்பவாவது கேட்டியே. அன்னிக்கு முப்பதுன்னப்போ எங்கய்யா போச்சு உன் வாய்? யோவ் மெர்லின், நேராவே கேக்குறேன். உன்னையே சுட்டுக்கவா இத வாங்குன?"

மெர்லினின் கை பின்னால் தடவி நாற்காலியைத் தேடியது. உட்கார்ந்தார்.

"கறக்குற நேரத்துக்கு முழிப்பு வந்துடுது வெர்லா. எந்திரிச்சு பூட்ஸெல்லாம் மாட்டிக்கிறேன். அப்புறம்தான் மாடு இல்லங்கிறது ஞாபகம் வருது."

ஆறுதல் சொல்ல வெர்லாவுக்கு வராது, திட்டத்தான் வரும். அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் முன்னாலேயே அவர் மகள் கார்லாவைக் கூப்பிட்டு, ஒளிக்காமல் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். கார்லா உடனே கிளம்பி வருவதாகவும், அதுவரை அப்பாவைத் தனியாக விடவே கூடாது என்றும் அழுதுகொண்டே சொன்னாள். பெட்டி மறுபடி அலமாரிக்குள் போனது. சாவியை வெர்லா தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கார்லாவிடம் பேசியது காதில் விழுந்து டுவேன் எட்டிப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்து, சத்தமில்லாமல் காப்பி கொண்டுவந்து வைத்தான். சாயங்காலம் எல்லோருமாக மீன் வறுவல் சாப்பிடப் போகலாம் என்றும், கார்லாவும் அதற்குள் வந்துவிடுவாள் என்றும் சொன்னான். மெர்லின் தலையாட்டினார். காப்பியில் பாதி குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிஸ்கெட்டை எடுத்தார்.

"அத வாங்குன இடத்துக்கே திருப்பி அனுப்பணும்னா என்ன கூலி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முப்பது."

மெர்லின் மேஜை மேல் கிடந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பர்ஸுக்குள் வைத்தார். ஒரே ஒரு நோட்டை மட்டும் அவள் பக்கம் தள்ளினார்.

"இருபதுதான் நியாயம்," என்றார்.

வெர்லா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.