இடையனுக்கு ஒரு இடைச்சி

மல்லேஸ்வரம் நாணுவின் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து சர்க்கார் உத்தியோகம் பார்த்தது. அவரும் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் கணக்கு அதிகாரி. ஞாயிற்றுக்கிழமையானால் மற்றவர்கள் கோயிலுக்கோ கச்சேரிக்கோ போவார்கள். நாணு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கண்டோன்மென்ட் ஏலக்கடைகளைச் சுற்றுவார். பழைய பங்களாக்களை இடித்து அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே இருந்ததெல்லாம் ஏலத்துக்கு வரும். நாணுவுக்கு வேண்டியது பிரெஞ்சுப் பீங்கான் பொம்மைகள் மட்டும். ஜெர்மன் பொம்மையைச் சும்மா கொடுத்தால்கூடத் தொடமாட்டார்.

அப்படி அகப்பட்டவன்தான் அந்த இடையன். மெருகு பூசாத பீங்கான். எண்ணெய்க் கை பட்டால் கறை உள்ளே இறங்கிவிடும். குழலை உதட்டில் வைத்து, தலையைச் சாய்த்து, பக்கத்தில் இல்லாத ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒருத்தி ஜோகுபாளையத்தில், ஓஸ்வால்ட் வீட்டு மர அலமாரியில் இருந்தாள். ஓஸ்வால்ட் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி பாண்டிச்சேரிக்காரி. கல்யாணத்தின்போது தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த இடைச்சி அது. கையில் ஆட்டுக்குட்டி, அதே வெள்ளை, அடியில் அதே முத்திரை. ஏலக்கடைக்காரர் சொல்லி நாணு தேடிப் போய்ப் பார்த்தார். பார்த்த அன்றே விலை கேட்டார்.

"அவ போனப்புறம் இது ஒண்ணுதான் சார் இருக்கு. குடுக்க மாட்டேன். பாக்கணும்னா எப்ப வேணா வாங்க" என்றார் ஓஸ்வால்ட்.

நாணு வாராவாரம் போனார். ரஸ்க், மாத்திரை, பேப்பர் என்று ஏதாவது வாங்கிக்கொண்டு போவார். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவேரிக் கலவரம் வந்து, தமிழர் தெருக்களில் கல் விழுந்தபோது, நாணு வழிமறித்தவர்களிடம் கன்னடத்தில் பேசிச் சமாளித்து ஜோகுபாளையம் போய்ச் சேர்ந்தார்.

"பொம்மைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் வாசலிலேயே.

ஓஸ்வால்ட் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாணுவின் கையைப் பிடித்தார். அன்றுதான் மகளைப் பற்றிச் சொன்னார். பவுலின் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். தாயின் சாவுக்கு வரவில்லை என்று அவர் திட்டியதில் பேச்சு நின்றுவிட்டது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரே இறங்கிவந்து ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறார். வீட்டில் போன் இல்லாததால் நாணு வீட்டு நம்பரை அதில் எழுதிவிட்டாராம்.

"கோச்சுக்காதீங்க சார். வேற யாரு இருக்காங்க எனக்கு?"

பொங்கலுக்கு முன்பே பவுலின் கூப்பிட்டாள். போனை எடுத்தது நாணுவின் மனைவி சுப்புலக்ஷ்மி. அப்பாவை ஆஸ்திரேலியாவுக்கே அழைத்துக்கொள்வதாகச் சொல்லி அந்தப் பெண் அழுதாள். சுப்புலக்ஷ்மி சந்தோஷமாகக் கணவரிடம் வந்து சொன்னாள்.

நாணு இடையனைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஓஸ்வால்ட் போனால் இடைச்சியும் கப்பல் ஏறிவிடுவாள்.

"நான் சொல்லிக்கறேன். இனிமே அந்த போனை நீ எடுக்க வேண்டாம்" என்றார்.

அடுத்த முறை அவரே பேசினார். "உங்கப்பாவுக்குக் கோபம் தீரலைம்மா. பேரைச் சொன்னாலே எழுந்து போயிடறார். லெட்டர் போடாதே, பிரிக்காம கிழிச்சுடுவார். நான் மெல்ல மெல்லச் சொல்லிப் பாக்கறேன்."

ஜோகுபாளையத்தில் ஓஸ்வால்ட் கேட்பார். "போன் கீன் ஏதாச்சும் வந்துச்சா சார்?"

"இல்லையே ஓஸ்வால்ட்."

"பிஸியா இருக்கும் பாவம்."

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. மெல்ல மெல்லக் கேள்வியும் நின்றது. சாப்பாடு குறைந்தது. ஒருநாள் ஓஸ்வால்ட் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நாணுதான். சுப்புலக்ஷ்மி கஞ்சி கொண்டுபோவாள். கடைசி நாளில் ஓஸ்வால்ட் அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. பவுலின் ஒரு தடவைகூடக் கூப்பிடலையா?"

சுப்புலக்ஷ்மி கணவரைப் பார்த்தாள். நாணு அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கஞ்சிக் கிண்ணத்தை மூடினாள்.

"இல்லை" என்றாள்.

சாவுச் செய்தி கேட்டுப் புறப்பட்டும், அடக்கத்துக்கு மறுநாள்தான் பவுலினால் வந்து சேர முடிந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு துண்டில் இடைச்சியைச் சுற்றி எடுத்துக்கொண்டு மல்லேஸ்வரம் வந்தாள்.

"பெத்த பிள்ளை செய்யாததை நீங்க செஞ்சீங்க அங்கிள். இது உங்ககிட்டதான் இருக்கணும்."

நாணு இரண்டு கையையும் நீட்டினார். அப்போது சமையலறை வாசலிலிருந்து சுப்புலக்ஷ்மி பேசினாள்.

"உங்கப்பாவுக்குக் கோபமே இல்லைம்மா. நீ கூப்பிட்டியான்னு வாராவாரம் கேட்டார். இவர் இல்லைன்னுட்டார். கடைசியா என்கிட்டயும் கேட்டார். நானும் இல்லைன்னேன்."

பவுலின் கத்துவாள், பொம்மையைத் தரையில் அடிப்பாள் என்று சுப்புலக்ஷ்மி நினைத்தாள். அதற்காகவே காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். பவுலின் நாணுவைப் பார்த்தாள். அவர் கண் அப்போதும் துண்டின் மேலேயே இருந்தது. "இதுக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். துண்டைப் பிரித்து, இடைச்சியை மேஜைமேல் வைத்துவிட்டு, வெறும் துண்டோடு படியிறங்கிப் போனாள். அது அவள் அப்பாவின் துண்டு.

ஆட்டோ சத்தம் தெருமுனை தாண்டும்வரை நாணு பொறுத்தார். பிறகு இடைச்சியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில், அவருடைய சேகரிப்பைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். கண்ணாடி அலமாரியில் ஜோடியாக நின்றவர்களைக் காட்டி, இவை எப்படிக் கிடைத்தன என்று கேட்டாள்.

"அவனை ஏலத்துல எடுத்தேன். அவ ஒரு சிநேகிதர் வீட்டுப் பொம்மை. சாகறவரைக்கும் அவரை நான்தான் பாத்துண்டேன். அவர் பொண்ணு தன் கையாலேயே கொண்டுவந்து வச்சுட்டுப் போனா" என்றார் நாணு.

பத்திரிகைக்காரி நெகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டாள். காபி கொண்டுவந்த சுப்புலக்ஷ்மி அதைக் கேட்டுக்கொண்டே சர்க்கரை போதுமா என்று அவளிடம் விசாரித்துவிட்டு உள்ளே போனாள்.